எந்த மரத்தடியில்? – நலவாழ்வுச் செய்திகள் குறித்து ஒரு திறனாய்வு

நம் மக்கள் இன்று மிகுதியாக வாசிக்கும் தமிழ் உரைநடை எது? நாவல் அன்று, சிறுகதை அன்று, ஆன்மிக நூலும் அன்று. காலையில் கண் விழித்ததும் கைப்பேசியில் வந்து காத்திருக்கும் செய்தியே அது. அவற்றுள்ளும் பெரும்பகுதி உடல்நலம் பற்றியது. இன்ன கீரை சர்க்கரை நோயை முப்பது நாளில் போக்கும். இன்ன பழத்தோடு இன்ன உணவைச் சேர்த்து உண்டால் உயிருக்கே ஆபத்து. இன்ன ஊசியைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். இதை எந்த மருத்துவரும் உங்களிடம் சொல்லமாட்டார் என அவை நீளுகின்றன. திருப்பலி அறிவிப்புக்கும் இறப்புச் செய்திக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே, அன்பியக் குழுக்களிலும் பாடகர் குழுக்களிலும் இவை நாள்தோறும் இடம்பெறுகின்றன.

இத்தனை பேர் வாசிக்கின்ற, நம்புகின்ற, நம்பி மருந்தை நிறுத்தவும் ஊசியை மறுக்கவும் துணிகின்ற ஓர் எழுத்து வகையை இலக்கியத் திறனாய்வு பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அது இலக்கியம் அன்று என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் ஓர் எழுத்து மனிதரின் நெஞ்சைத் தொட்டுச் செயலுக்குத் தூண்டுகிறது என்றால், அது எவ்வாறு தூண்டுகிறது, எதை மறைக்கிறது, யார் குரலில் பேசுகிறது என்று ஆராய்வது திறனாய்வின் கடமையே. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அக்கடமை அறவியல் கடமையும் ஆகிறது. ஆகவே இவ்விதழின் வாசகர்களோடு சேர்ந்து அந்த எழுத்தைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்க்க விழைகிறோம்.

வடிவமும் அதன் முன்னோரும்

இச்செய்திகளுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. முதலாவதாக, அவற்றுக்கு ஆசிரியர் இல்லை. ஆனால் அதிகாரம் உண்டு. பெயர் சொல்லப்படாத 'புகழ்பெற்ற மருத்துவர்' ஒருவரோ, தொலைதூர நாட்டு மருத்துவமனை ஒன்றோ அதற்குப் பொறுப்பாளராகக் காட்டப்படும். இரண்டாவதாக, நாள் இல்லை. 'நேற்று', 'இன்று காலை' என்ற சொற்களே உண்டு. அந்த 'நேற்று' ஆண்டுக்கணக்கில் நேற்றாகவே நீடிக்கிறது. மூன்றாவதாக, அவசரம் உண்டு. எண்ணிப் பார்க்க இடம் இல்லை. நான்காவதாக, இறுதியில் ஒரு கட்டளை வரும்: உங்கள் அன்புக்குரிய அனைவருக்கும் இதை அனுப்புங்கள்; ஓர் உயிரையாவது காப்பாற்றுங்கள்.

அரைநூற்றாண்டு வாழ்ந்தவர்களுக்கு இந்த இறுதிக் கட்டளை புதிதன்று. அஞ்சலட்டைகளில் வந்த 'சங்கிலிக் கடிதங்களை' அவர்கள் மறந்திருக்க முடியாது. ஒரு புனிதரின் பெயராலோ ஒரு தெய்வத்தின் பெயராலோ வரும் அக்கடிதம், தன்னை இத்தனை பேருக்குப் படியெடுத்து அனுப்பினால் நன்மை, கிழித்தெறிந்தால் கேடு என்று அச்சுறுத்தும். அதனை மூடநம்பிக்கை என்று பங்குகளில் கண்டித்தோம். இன்று அதே கடிதம் பக்தியின் ஆடையைக் களைந்து மருத்துவத்தின் வெள்ளை அங்கியை அணிந்து வந்துள்ளது. அன்று ஒரு கடிதத்தைப் பத்து முறை எழுத ஒரு மாலைப் பொழுது வேண்டியிருந்தது. சலிப்பே ஒரு தடையாயிற்று. இன்று விரல் நுனி போதும்.

ஒரு சான்றைக் காண்போம். தனியே இருக்கும்போது மாரடைப்பு வந்தால் ஆழ்ந்து மூச்சிழுத்து விடாமல் இருமிக்கொண்டே இருங்கள், உயிர் பிழைக்கலாம் என்னும் செய்தியைப் படிக்காதவர் நம்முள் அரியர். 1999ஆம் ஆண்டிலேயே அது ஆங்கில மின்னஞ்சலாக உலவத் தொடங்கியது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பொது மருத்துவமனை அதன் பிறப்பிடமாகக் குறிக்கப்பட்டது. அந்த மருத்துவமனையோ அது தன்னுடையது அன்று என மறுத்தது. இதயக் குழாய்ச் சோதனை நடைபெறும் அறையில், கருவிகள் இதயத் துடிப்பைக் காட்டிக்கொண்டிருக்க, மருத்துவர் அருகில் நின்று நோயாளியை இருமச் சொல்லும் தருணங்கள் உண்டு. அதிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு துணுக்கே இந்த அறிவுரை. பொதுமக்களுக்கு இதனைப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் தெளிவுபடுத்தியுள்ளது. நெஞ்சுவலி வந்தவர் உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டிய நேரத்தை இருமலில் கழித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மறுப்பு வந்து பல ஆண்டுகள் ஆகியும் செய்தி சாகவில்லை. ஏனெனில் செய்தியை அனுப்புவோர் அன்பினால் அனுப்புகின்றனர். மறுப்பை அனுப்புவதற்கு அத்தகைய அன்பு யாருக்கும் தோன்றுவதில்லை.

கல்வி விரும்பனின் கடிதம்

இது கைப்பேசி கொணர்ந்த நோய் என்று எண்ணிவிடக் கூடாது. சென்னையிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்வது பயன் தரும்.

எட்வர்ட் ஜென்னர் பசு அம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையை 1796இல் சோதித்து 1798இல் வெளியிட்டார். 1802இல் அம்முறை இந்தியாவுக்கு வந்தது. பலர் அதனை ஏற்கத் தயங்கினர். இந்நிலையில் 1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளியாயிற்று. பசுவின் மடியிலுள்ள கொப்புளத்திலிருந்து நீரெடுத்துக் கையில் ஏற்றிக்கொண்டால் பெரியம்மை வராது என்பது இந்நாட்டின் பழைய வடமொழி மருத்துவ நூலிலேயே உள்ளது என்று கூறி, அந்நூலிலிருந்து ஒரு பகுதியையும் அக்கடிதம் எடுத்துக்காட்டியது. தடுப்பூசி அயலாருடையது அன்று, நம் முன்னோருடையதே. ஆகவே அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்னும் தொனி அதில் இருந்தது.

அக்கடிதம் ஐரோப்பிய இதழ்களிலும் மருத்துவ நூல்களிலும் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்தனர். மூல நூலைக் கண்டவர் எவரும் இலர். டொமினிக் வுயாஸ்டிக் என்னும் வடமொழி மருத்துவ நூல் ஆய்வாளர் 1987இல் இவ்வரலாற்றைத் துருவி ஆராய்ந்து, அது தடுப்பூசியைப் பரப்பும் நன்னோக்குடன் புனையப்பட்ட போலி என்ற முடிவுக்கு வந்தார். நன்னோக்குள்ள அப்பொய்யின் வாழ்நாள் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்தது.

இங்கே நோக்கம் நல்லது. ஜென்னரின் முறை உண்மையாகவே உயிர் காத்தது. அப்படியானால் கல்வி விரும்பன் செய்ததில் பிழை என்ன? இந்தக் கேள்விதான் நம் காலத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒவ்வொரு நாளும் வேறு உருவத்தில் எழுகிறது. 'தவறாக இருந்தால்தான் என்ன, நல்லதைத்தானே சொல்கிறது' என்று நம் இல்லங்களில் கேட்கும் பதில் அதுவே.

நல்லெண்ணம் போதுமா?

இக்கேள்வியைத் திருச்சபை பழங்காலத்திலேயே சந்தித்தது. புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி மட்டும் இரு நூல்கள் எழுதினார். ஒன்று ஏறத்தாழ 395இலும், மற்றொன்று ஏறத்தாழ 420இலும் எழுதப்பட்டவை. தப்பறைக் கொள்கையினரைக் கண்டுபிடிக்கும்பொருட்டு அவர்களுள் ஒருவரைப்போல் நடித்துப் பொய் சொல்லலாமா என்று நல்லெண்ணத்துடன் கேட்டவர்களுக்கு, கூடாது என்று அவர் உறுதியாக மறுமொழி தந்தார். பொய்யால் ஒருவரை உண்மைக்கு இட்டுச் செல்ல முயன்றால், பின்னர் அவர் நம் உண்மையை எதைக் கொண்டு நம்புவார் என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. கல்வி விரும்பன் கதைக்கும் இது பொருந்தும். 'பழைய நூலில் உள்ளது' என்பதற்காக ஊசியை ஏற்றுக்கொள்பவர், 'பழைய நூலில் இல்லை' என்று யாரேனும் சொன்னால் அடுத்த ஊசியை மறுக்கவும் கூடும். உண்மையைப் பொய்த் தூணின்மேல் நிறுத்தினால் தூணோடு உண்மையும் சரியும்.

ஆயினும் ஓர் எதிர்வாதம் உண்டு. செய்தியைப் புனைந்தவன் பொய்யன். அதை நம்பி அனுப்பியவர் பொய்யர் ஆவாரா? புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். சொல்லப்பட்டது உண்மைக்கு மாறானது. ஆனால் சொல்பவர் அதை உண்மையென்றே எண்ணுகிறார். அத்தகைய கூற்று பொருளளவில் பொய்யே அன்றி மனத்தளவில் பொய் அன்று. ஆகவே மாரடைப்புக்கு இருமல் மருந்தென்று தம் அண்ணனுக்கு அனுப்பிய தங்கை பொய் சொன்னவர் அல்லர்.

அப்படியானால் அவர்மேல் யாதொரு பொறுப்பும் இல்லையா? அறவியல் இங்கே இன்னொரு வேறுபாட்டைக் கற்பிக்கிறது. வெல்ல முடியாத அறியாமை ஒன்று. முயன்றால் வெல்லக்கூடிய அறியாமை மற்றொன்று. எழுத்தறிவில்லாத, மருத்துவரைக் காண வழியில்லாத ஒருவரின் அறியாமை முதல் வகையைச் சாரலாம். ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம சுகாதாரச் செவிலியரும் கூப்பிடு தொலைவில் இருக்க, ஒரு சொல் கேட்டுப் பார்க்காமல் நூறு பேருக்கு அனுப்புபவரின் அறியாமை இரண்டாம் வகையைச் சார்ந்தது. காக்கப்பட வேண்டிய பொருள் எவ்வளவு பெரிதோ, அறிந்துகொள்ள வேண்டிய முயற்சியும் அவ்வளவு பெரிதாக வேண்டும். உயிரைவிடப் பெரிய பொருள் எது?

நம் கருத்தைச் சுருங்கச் சொல்வோம். நலச் செய்தியை அனுப்பும் ஒவ்வொருவரும் ஒரு சாட்சி ஆகிறார். சாட்சி என்பவர் கண்டவர், கேட்டவர், தொட்டு உணர்ந்தவர். யோவானின் முதல் திருமுகம் தன் நம்பகத்தன்மையை இத்தகைய அனுபவத்தின்மீதே நிறுவிக்கொண்டு தொடங்குகிறது. காணாததற்குச் சாட்சி சொல்வதே இப்புதிய எழுத்து வகையின் அடிப்படைக் குறை. அனுப்புபவரின் அன்பு எவ்வளவு தூயதாயினும் அக்குறையை அது நிரப்பாது.

தாய்மார்கள் பேசிக்கொண்டவை

இதனால் மருத்துவச் செய்தி மருத்துவர் வாயிலிருந்து மட்டுமே வரவேண்டும், வாய்மொழிப் பேச்செல்லாம் வதந்தி என்று கூறுகிறோமா? இல்லை. உறவும் அண்டை வீடும் சேர்ந்த பேச்சு வலை, மருத்துவத்திற்கே வழிகாட்டிய வரலாறு உண்டு.

1941ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையுடன் வந்த குழந்தைகள் வழக்கத்திற்கு மாறாகப் பெருகுவதைக் கண்டார். அவருடைய காத்திருப்பு அறையில் தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்தது என்பர்: கருவுற்ற தொடக்க மாதங்களில் தங்களுக்கு ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை கண்டிருந்தது என்பதே அப்பேச்சு. அவர் அதைப் பெண்கள் பேச்சு என ஒதுக்கவில்லை. உடனே உண்மை என்று முழங்கவும் இல்லை. பிற மருத்துவர்களிடமும் கேட்டு 78 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார். மிகப் பெரும்பாலான தாய்மாருக்கு அந்நோய் கண்டிருந்ததை உறுதிசெய்துகொண்டு, அதே ஆண்டில் வெளியிட்டார். மருத்துவ உலகில் பலர் முதலில் ஐயுற்றனர், பின்னர் ஏற்றனர். கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் தாக்கும் அந்நோய்க்கு 1969இல் தடுப்பூசி வந்தது.

அத்தாய்மார் சொன்னது அவர்கள் பட்ட துன்பம். அவர்கள் கண்ட சாட்சிகள். அதைக் கேட்டவர் சோதித்துப் பார்த்தார். இவ்விரண்டும் கூடிய இடத்தில் பேச்சு மருத்துவமாயிற்று.

வேதனை என்னவெனில், அதே ருபெல்லாத் தடுப்பூசி 2017இல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, அதே தாய்மார் பேச்சுத்தான் அதற்குத் தடையாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரி 6ஆம் நாள் தட்டம்மை–ருபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகள்வரை அனைவருக்கும் ஊசி போடுவது திட்டம். ஊசியால் தீங்கு நேரும் என்ற செய்திகள் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பரவின. பெற்றோர் பலர் பள்ளிகளில் சம்மதம் தர மறுத்தனர். அதிகாரிகள் விளக்கத்துக்கு மேல் விளக்கம் தர வேண்டியதாயிற்று. மாத இறுதியில் முடிய வேண்டிய இயக்கம் நீட்டிக்கப்பட்டது. தனியார் மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்காகப் பணம் கொடுத்துப் போட்டுக்கொண்ட தடுப்பு மருந்துகளே இவை. பணமின்றிப் பள்ளிக்கு வந்தபோது அவை அச்சத்திற்குரியன ஆயின. மறுத்த தாய்மாருள் ஊசியால் தீங்குற்ற குழந்தையைத் தம் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? அவர்கள் கண்டது திரையில் வந்த எழுத்தை மட்டுமே.

2021 ஏப்ரலில் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. நடிகர் விவேக், மக்களின் தயக்கத்தைப் போக்கும் நல்லெண்ணத்துடன் சென்னை அரசு மருத்துவமனையில் ஏப்ரல் 15ஆம் நாள் வெளிப்படையாகக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பால் வீழ்ந்து, 17ஆம் நாள் காலமானார். இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. ஒன்றால்தான் மற்றொன்று என்று தமிழ்நாடெங்கும் செய்தி பறந்தது. இதயக் குழாய் அடைப்பே காரணம், ஊசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்திய பாதிப்புகளை ஆராயும் மத்தியக் குழுவும் அவ்வாறே முடிவு செய்தது. அம்முடிவு வந்தபோது எத்தனை குழுக்களில் அது பகிரப்பட்டது? மக்களுக்கு நன்மை செய்யப் புறப்பட்ட ஒரு மனிதரின் கடைசி நற்செயலை, அவரை நேசித்த மக்களே அறியாமல் திரித்துவிட்டனர்.

நம் பீடங்களுக்கும் ஒரு கேள்வி

கைப்பேசியை மட்டும் குறைகூறி முடித்துக்கொள்வது நேர்மையாகாது. பங்கும் ஓர் உறவு வலையே. அதுவும் மிகப் பழையது, மிகுந்த நம்பிக்கைக்குரியது. பீடத்திலிருந்து வரும் சொல்லை மக்கள் சோதிப்பதில்லை. ஆகையால் அங்கே பொறுப்பு இருமடங்காகிறது.

2014இல் கென்யா நாட்டில், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கான டெட்டனஸ் தடுப்பூசி இயக்கத்தைக் கத்தோலிக்க ஆயர்கள் வெளிப்படையாக எதிர்த்தனர். ஊசி மருந்தில் கருத்தரிப்பைத் தடுக்கும் பொருள் கலந்துள்ளது என்று, சில ஆய்வக முடிவுகளைக் காட்டிக் கூறினர். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இதை மறுத்தன. மனித இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பதற்கான கருவியில் தடுப்பு மருந்தைச் சோதித்தால் வரும் முடிவு நம்பத்தக்கதன்று என்பது அவற்றின் விளக்கம். மருந்தைச் சோதிக்கக் கேட்டது ஆயர்களின் உரிமை. மக்களுக்காகக் கேள்வி கேட்பது மேய்ப்பரின் கடமையும் ஆகும். ஆனால் சோதனைமுறையே ஐயத்திற்குரியதாய் இருக்கும்போது, கேள்வி தீர்ப்பாக மாறிப் பீடங்களில் ஒலித்தது. பிறந்த சில நாட்களிலேயே சிசுக்களைக் கொல்லும் நோய் டெட்டனஸ் என்பதை நினைத்தால், கேள்விக்கும் தீர்ப்புக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு தொலைவு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

இதற்கு மாறான வழியையும் திருச்சபை காட்டியுள்ளது. கொரோனாத் தடுப்பூசிகளின் ஆய்விலும் தயாரிப்பிலும், முற்காலத்தில் கருக்கலைப்புக்கு உள்ளான கருக்களின் உயிரணு வழிகள் பயன்பட்டனவா என்ற கடினமான அறக்கேள்வி எழுந்தது. 2020 டிசம்பர் 21ஆம் நாள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தன் குறிப்பை வெளியிட்டது. அது கேள்வியை மறைக்கவில்லை. கருக்கலைப்பை ஏற்கவில்லை என்பதைத் தெளிவாக்கியது. வேறு வழியில்லாதபோது அத்தடுப்பூசிகளைப் பயன்படுத்துவது அறநெறிப்படி ஏற்கத்தக்கது என்றது. ஊசி தன்விருப்பத்திற்கு உரியது என்றும், ஆயினும் பொதுநலனைக் காக்கும் கடமை உண்டு என்றும் நினைவூட்டியது. இவ்வுரைநடையில் அவசரம் இல்லை, அச்சுறுத்தல் இல்லை, நாளும் பொறுப்பாளரும் உண்டு. வாட்ஸ்அப் செய்தியின் இலக்கணத்திற்கு நேர் எதிரான இலக்கணம் இது.

ஐயத்தின் வேர்

வதந்தியை நம்புவோரை அறிவிலிகள் என்று ஏளனம் செய்வதையும் நாம் ஏற்கவில்லை. வதந்திக்கும் நினைவாற்றல் உண்டு. உத்தரப்பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்ற அச்சம், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், குறிப்பாக ஏழை இஸ்லாமியக் குடும்பங்களில் வலுவாக இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்திற்கும் மேற்பட்டோருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யப்பட்டது. வற்புறுத்தலும் வன்முறையும் அதில் கலந்திருந்தன. அரசு ஊழியர் கதவைத் தட்டினால் அஞ்ச வேண்டும் என்று அனுபவம் கற்பித்த மக்கள், பின்னொரு நாள் சொட்டு மருந்துக்கும் அஞ்சினர். செய்தி பொய், அதன் அடியிலிருந்த காயம் மெய்.

அந்த அச்சம் தீர்ந்த விதமும் கருதத்தக்கது. சுவரொட்டிகள் அதைத் தீர்க்கவில்லை. யுனிசெப்பின் துணையோடு அந்தந்த ஊர்ப் பெண்களே ஆயிரக்கணக்கில் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர். மறுத்த வீட்டுக்கு மீண்டும் மீண்டும் சென்றனர். இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வேண்டுகோள் விடுத்தனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணைநின்றன. 2009இல் நாட்டில் 741 பேரைத் தாக்கிய போலியோ, 2010இல் 42ஆகக் குறைந்தது. 2011 ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்டதே கடைசி. 2014 மார்ச் 27ஆம் நாள் இந்தியா போலியோ இல்லாத நாடெனச் சான்றளிக்கப்பட்டது. மருந்து மேம்பட்டதும் இதற்குக் காரணம். ஆயினும் கதவு திறவாமல் மருந்து உள்ளே சென்றிருக்க முடியாது. கதவைத் திறந்தவை, பெயரும் முகமும் உள்ள அண்டை வீட்டுக் குரல்கள்.

இங்கே நம் மருத்துவத் துறையின் உரைநடையையும் திறனாய வேண்டும். அரசின் நலவாழ்வு அறிவிப்புகள் பெரும்பாலும் உண்மையானவை, ஆனால் உயிரற்றவை. 'செய்து கொள்ளவும்', 'தவிர்க்கவும்' என்று கட்டளையிடும் அம்மொழியில் அஞ்சுகின்ற ஒரு தாய்க்கு மறுமொழி இல்லை. மருத்துவமனையில் நெடுநேரம் காத்திருந்து சில நிமிடமே மருத்துவரைக் காணும் நோயாளி, கேட்க நினைத்ததைக் கேட்காமலே திரும்புகிறார். அந்த வெற்றிடத்தில்தான் கைப்பேசிச் செய்தி நுழைகிறது. அது அக்கறையோடு பேசுகிறது, உறவுமுறை சொல்லி அழைக்கிறது, பொறுமையாக விளக்குகிறது. உண்மைக்கு இல்லாத இனிமை பொய்க்கு வாய்த்துவிட்டதே அதன் வெற்றியின் இரகசியம். உண்மையும் பரிவோடு பேசக் கற்றுக்கொள்ளும்வரை இந்நிலை மாறாது.

தானியேலின் கேள்வி

தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவின் வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததே. மக்கள் மதித்த முதியோர் இருவர், நடுவர்களாகவும் இருந்தவர்கள், ஒரு குற்றமற்ற பெண்ணின்மீது பொய்ச்சான்று கூறினர். சபையார் நம்பினர். கெட்ட எண்ணத்தால் அன்று. சொன்னவர்கள் பெரியவர்கள் என்பதால். கொல்ல அவளை இட்டுச்செல்லும் வழியில் தானியேல் என்னும் இளைஞர் கூட்டத்தை நிறுத்தினார். புதிய சான்று எதையும் அவர் கொண்டுவரவில்லை. இருவரையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொன்றைச் சொன்னார். ஓர் உயிர் பிழைத்தது.

நலவாழ்வுச் செய்திகளை எதிர்கொள்ள நமக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. தானியேலின் இக்கேள்வி போதும். எந்த மருத்துவர்? எந்த மருத்துவமனை? எந்த ஊர்? எந்த நாள்? அனுப்பிய நீங்கள் இதைக் கண்டீர்களா? இவற்றுக்கு விடை இல்லாத செய்தி நம் கைப்பேசியோடு நின்றுவிடட்டும். காதில் விழுந்த பேச்சைத் தன்னோடு மடியவிடுபவர் அதனால் வெடித்துவிடமாட்டார் என்று சீராக்கின் ஞானம் நகைச்சுவையோடு நமக்குத் துணிவூட்டுகிறது. அதே நூல் 38ஆம் அதிகாரத்தில், மருத்துவரை மதிக்கவும் மண்ணிலிருந்து கடவுள் தந்த மருந்துகளைப் புறக்கணியாதிருக்கவும் கற்பிக்கிறது. செபத்தையும் மருத்துவத்தையும் அது எதிரெதிராக நிறுத்துவதில்லை.

நிறுத்துவது பாதிப் பணியே. உத்தரப்பிரதேசத்துப் பெண்கள் செய்த மறுபாதியை நம் அன்பியங்களும் செய்ய முடியும். ஒவ்வொரு பங்கிலும் செவிலியர் இருக்கின்றனர். மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர், ஓய்வுபெற்ற மருத்துவர் இருக்கின்றனர். அன்பியக் குழுவில் ஐயத்துக்குரிய செய்தி வந்தால் அவர்களிடம் கேட்டு, விடையை அவர்கள் பெயரோடு அதே குழுவில் இடலாம். தவறான செய்தியை இட்டவரை அனைவர் முன்னும் நாணச் செய்யாமல், தனியே அழைத்துச் சொல்லலாம். அவர் அன்பினால் அனுப்பியவர் என்பதை மறவாதிருக்கலாம். காசநோய்க்கோ சர்க்கரைக்கோ தாம் முறையாக மருந்துண்டு நலம் பெற்றதை ஒருவர் தம் வாயால் சொல்லட்டும். அது கண்ட சாட்சி. மருத்துவரின் சொல்லோடு சேரும்போது ஆயிரம் செய்திகளைவிட வலியது. ஊசிக்கு அஞ்சும் இளந்தாயோடு சுகாதார நிலையம்வரை ஒருவர் துணைக்கு நடந்து செல்லட்டும். அடிபட்டுக் கிடந்தவருக்கு நல்ல சமாரியர் செய்தி எதுவும் சொல்லவில்லை. காயத்தைக் கட்டி, விடுதிவரை கொண்டுசேர்த்து, மீண்டும் வருவதாக வாக்களித்தார்.

அன்பு வேகமாகச் செல்ல விரும்பும். உண்மை நின்று கேட்கச் சொல்லும். உயிரைப் பற்றிய செய்தியில் இவ்விரண்டையும் பிரிக்க நமக்கு உரிமை இல்லை. அடுத்த செய்தி வரும்போது அனுப்பு என்ற குறியைத் தொடுமுன் எந்த மரத்தடியில் என்று ஒருமுறை கேட்போம். நம்மை நம்பி அதைப் படிக்கப்போகிற உடன்பிறந்தாருக்கு நாம் பட்ட கடன் அது.